டோக்கியோவின் சூவோ ரயில் தடத்தில் ஒரு நாள்: அனிமே செல் வாங்கப் போகிறவர்களுக்கு

எது நனவு, எது கனவு என்று பிடிபடாத அனிமே என்றால் முதலில் வரும் பெயர் இயக்குநர் சதோஷி கோன். அவருடைய 'பெர்ஃபெக்ட் புளூ' (1997) செல்லில், அதாவது படம் படமாகத் தீட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில், தீட்டியது. 'பாப்ரிகா' (2006) காகிதத்தில் கையால் வரைந்து, வண்ணத்தைக் கணினியில் ஏற்றியது. இரண்டும் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரிப்பு, இரண்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படமல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் கடை ஏறினால் இல்லாத பாப்ரிகா செல்லைத் தேடிக் கால் வலிப்பதுதான் மிச்சம்.

திங்கள், புதன் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சுகினாமி அனிமேஷன் மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை. செல் விற்கும் கடைகள் உள்ள நகானோ பிராட்வே வளாகத்தில் புதனன்று சில கடைகள் திறப்பதில்லை. மியூசியம் காலை 10 மணிக்கே திறந்துவிடும், கடைகள் பெரும்பாலும் நண்பகலில்தான். அதனால் மியூசியம் முதலில்.

ஷின்ஜுகுவில் சூவோ ரேபிட் ரயில் ஏறி ஓகிகுபோவில் இறங்குங்கள். வடக்கு வாசலில் பேருந்து உண்டு, நடந்தால் 20 நிமிடம். நுழைவு இலவசம். கண்ணாடிப் பெட்டிகளைவிட, அடியில் விளக்கெரிய ஒரு படத்தின் மேல் தாள் வைத்து நகலெடுக்கும் ஒளிமேசைக்கு நேரம் கொடுக்கலாம். ஜப்பானில் ஒரே படத்தைப் பெரும்பாலும் 3 ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 8 படம். நகலெடுக்கும்போது கோடு மயிரிழை விலகினாலும் ஓடவிட்டதும் முகம் நடுங்கும்.

திரும்பும் வழியில் நகானோ. வடக்கு வாசலில் இறங்கி, சன் மால் கடைத்தெருவின் மறுமுனைக்குப் போனால் பிராட்வே. 1980-இல் இங்கே தொடங்கிய மந்தராகே என்ற பழைய மங்கா, அனிமே பொருள் கடை, இன்று மாடிக்கு மாடி கடை வைத்திருக்கிறது.

செல்லில் கோடு முன்பக்கம், பெயின்ட் பின்பக்கம். ஒரே காட்சிக்குச் செல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார்கள்; மூலையில் 'ஏ3' என்றிருந்தால் ஏ அடுக்கின் மூன்றாவது படம். கண் மூடிய முகம் மலிவு; கண் திறந்து நம்மைப் பார்க்கிற முகத்துக்குத்தான் விலை. பின்னணி கையால் தீட்டியதா, கலர் நகலா என்று கேட்டுவிடுங்கள். கருங்கோடு பழுப்பாக மங்கியிருக்கிறதா பாருங்கள். அடியில் பென்சிலில் வரைந்த மூலத் தாள் ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், பெயின்ட்டும் சேர்ந்து உரியும். வினிகர் வாசம் அடித்தால் அப்படியே வைத்துவிடுங்கள்: செல்லின் பிளாஸ்டிக்கான அசிடேட் சிதைந்து அமிலம் கசிகிறது, பக்கத்துச் செல்லும் கெடும்.

இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். செக்-இன் பெட்டியின் அழுத்தத்தில் பெயின்ட் வெடிக்கும். வீட்டில் வெயில் படாத, ஈரமில்லாத இடம் வேண்டும். காற்றுப் புகாத டப்பா மட்டும் கூடாது. அமில ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவை இன்னும் விரட்டும்.