ஈசல் இறகு

"எஃபிமெரல்னா என்னப்பா?"

ஆரியங்காவு பக்கமிருந்து வந்த சாரல் அப்போதுதான் செங்கோட்டையில் விட்டிருந்தது. டியூப்லைட்டைச் சுற்றி ஈசல்.

'குறுகிய காலமே நீடிப்பது' என்று மகள் பத்து தடவை எழுதிவிட்டாள், மனசில் நிற்கவில்லை.

கிரேக்கத்தில் 'ஹெமெரா' என்றால் நாள். ஒரே நாளில் விட்டுப்போகும் காய்ச்சலுக்கும், ஒருநாளே வாழும் பூச்சிக்கும் சொல்லிச் சொல்லித்தான் அந்த வார்த்தை ஆங்கிலத்தில் வளர்ந்தது என்றேன்.

நோட்டில் உதிர்ந்து கிடந்த ஓர் இறகை விரல் நுனியில் ஒட்டி எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள், கண்ணாடித்தாள் மாதிரி, உள்ளே ஓடும் நரம்பு வரை தெரிந்தது.

"அப்போ ஈசல் வாழ்வு. ஆச்சி சொல்வாங்களே!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சொற்களையும் நம் பேச்சோடு ஒட்டவிடாமல் எதற்குத்தான் பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைக்கிறோமோ.

சொல்லுக்குப் பக்கத்திலேயே அந்த இறகை ஒட்டி வைத்திருக்கிறாள்.