கன்ட்ரி-பாப் காதல் பாட்டு: மென்மை வேறு, காற்றுக் குரல் வேறு

கன்ட்ரி-பாப் என்பது அமெரிக்கக் கன்ட்ரி இசையும் பாப்பும் கலந்த வகை. அதன் மெதுவான காதல் பாட்டைப் பாட வருபவர்களில் பலர் முதல் வரியிலேயே குரலில் காற்றைக் கலந்துவிடுகிறார்கள். மென்மையாகப் பாடுவது என்றால் கிசுகிசுப்பது என்று ஒரு நினைப்பு. நாலு வரிக்குள் மூச்சு தீரும், வரி முடிவுகளில் ஸ்ருதி இறங்கும், கோரஸ் வருவதற்குள் தொண்டை வறண்டுவிடும். இந்த வகைப் பாட்டின் வழவழப்பு, குரல் நாண்கள் ஒழுங்காகச் சேர்ந்து, கொஞ்சம் காற்றில், தணிந்த சத்தத்தில் அதிர்வதால் வருவது. காற்றுக் குரலை ஒரு சொல்லுக்கு, மிஞ்சினால் இரண்டு சொல்லுக்கு, வாசனை போலத் தூவலாம்.

1950களின் பிற்பகுதியில், அமெரிக்கக் கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் (கன்ட்ரி பாணியில் வாசிக்கும் வயலின்) ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் குழுவையும் பின்னணிக் குரல்களையும் கொண்டுவந்தார்கள். பாடகர் ஜிம் ரீவ்ஸ் மைக்கை நெருங்கி நின்று தணிந்து பாடும் பாணிக்கு மாறியதும் அப்போதுதான். அறை முழுக்கக் கேட்க வைப்பது மைக்கின் வேலை என்று ஆனபின் பாடகருக்கு மிஞ்சியது பேச்சுக்குப் பக்கத்தில் நிற்பது.

தொடக்கம்தான் பலருக்கும் இடறும் இடம். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை இடித்துத் தொடங்கினால் தொண்டையில் ஒரு ‘டக்’ கேட்கும். ‘ஹ’ சேர்த்துத் தொடங்கினால் காற்று முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே பிடிக்க, மெல்லிய ‘ம்’ போட்டு அதிலிருந்து உயிரெழுத்துக்குள் நழுவிப் பழகுங்கள். பிறகு அந்த ‘ம்’மை மனதுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு பாடுங்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரு ஸ்ட்ரா வழியாக மெட்டை முனகினால் நாண்கள் அழுத்தமில்லாமல் சேரப் பழகும்.

மூச்சை முட்ட முட்ட இழுக்காதீர்கள். நெஞ்சு நிரம்பி வழிந்தால் காற்று தானே வெளியே தள்ளும். அதைத் தடுக்கத் தொண்டை இறுகும். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியட்டும், தோள் அசைய வேண்டாம். வாய் குறுகலாக இருந்தால் மூச்சிழுக்கும் சத்தம் நெருக்கமான மைக்கில் சீறும். ‘ஆ’ வடிவில் திறந்து இழுத்தால் அடங்கும். மூச்செடுக்கும் இடங்களைப் பாட்டுத் தாளில் பென்சிலால் குறித்துவிடுங்கள். குறிக்காதவர்கள் சொல்லின் நடுவில்தான் மூச்செடுப்பார்கள்.

இனி உயிரெழுத்துகள். பாட்டு கன்ட்ரியாக ஒலிப்பது பெரும்பாலும் இங்கேதான். ‘டைம்’, ‘மைன்’ போன்ற சொற்களில் ஐகாரம் என்பது ஆ-வும் இ-யும் சேர்ந்தது. கார்வை (ஸ்வரத்தை நீட்டும் நேரம்) முழுவதையும் ஆ-வில் நிறுத்தி, இ-யைக் கடைசி நொடியில் லேசாகத் தொடுங்கள். அமெரிக்கத் தெற்குப் பேச்சில் அந்த இ கிட்டத்தட்ட மறைந்தே போகும். ‘நைட்’ போல வல்லொலியில் முடியும் சொல்லில் மட்டும் அது சற்று நிற்கட்டும், இல்லையென்றால் கேலி நடிப்பாகிவிடும். ‘ஹார்ட்’, ‘ஃபாரெவர்’ சொற்களின் ரகரத்தை விழுங்க வேண்டாம், இந்த இசையில் அது தேவை. ஆனால் சீக்கிரம் வந்தால் நாக்கு பின்னால் சுருண்டு ஒலி அடைபடும். உயிரெழுத்தை நீட்டி, ரகரத்தை முடிவில் வைத்தால் சரியாக இருக்கும்.

கீழிருந்து ஸ்வரத்துக்குள் வழுக்கி ஏறுவது அழகுதான். ஒரு முழு ஸ்வரத்துக்கு மேல் கீழே போகாமல், கால் தாளத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் செய்தால் ஸ்ருதி தெரியாமல் தேடுவது போல ஒலிக்கும். இரண்டு வரிக்கு ஒன்று ஏராளம். வைப்ரேட்டோவும், அதாவது நீண்ட ஸ்வரத்தில் குரலைச் சீராக அசைப்பதும், அப்படியே. நீண்ட ஸ்வரத்தை அசைவின்றிப் பிடித்து, கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் விடுங்கள். நொடிக்கு ஐந்தாறு அசைவுகள் இயல்பானவை; அதைவிட வேகமாக நடுங்கினால் தாடையிலோ நாக்கடியிலோ இறுக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

கோரஸில் கொஞ்சம் கூர்மை வேண்டும். அதை மூக்கில் தேடுபவர்கள் அதிகம். மூக்கைப் பொத்திக்கொண்டு வரியைப் பாடுங்கள்: ம, ந போன்ற மெல்லின எழுத்துகள் தவிர மற்ற இடங்களில் ஒலி மாறினால் காற்று மூக்கு வழி கசிகிறது. கூர்மை குரல்வளைக்கு மேலே உள்ள குறுகலில் பிறப்பது. குழந்தையின் ‘நே, நே’ என்ற சீண்டல் ஒலியைச் சிறிதாகச் செய்தால் இடம் பிடிபடும்.

இவ்வளவு செய்தும் உச்ச ஸ்வரத்தில் தாடை முன்னே தள்ளினால் குற்றம் பாட்டுக்கு நீங்கள் தேர்ந்த ஸ்ருதியில் (கீ). மூலப் பாடகரின் ஸ்ருதியில் பாடியே தீருவது வீண் பிடிவாதம். கிட்டாரில் ஜி-யிலிருந்து எஃப்-க்கு இறக்க, மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) வைத்து டி வடிவக் கார்டுகளைப் பிடிக்கலாம்.

பதிவில் சரணத்துக்கு மைக்கிலிருந்து எட்டு சென்டிமீட்டர், கோரஸுக்குப் பதினைந்து முதல் இருபது. முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்கில் நெருங்க நெருங்க அடிநாதம் பெருகும், குரல் கதகதப்பாகும். மிக நெருங்கினால் சொற்கள் தெளிவில்லாமல் மங்கும். இரண்டாவது குரலைச் சேர்த்துப் பாடும்போது சொல் முடிவிலுள்ள ‘ட்’, ‘ஸ்’ ஒலிகளை அதில் விட்டுவிடுங்கள், முதல் குரலில் இருப்பது போதும்.