சிங்கப்பூரில் ஒரு ராத்திரி: ஜன்னல் இல்லாத அறையில் அப்பச்சியும் நானும்

காரைக்குடிப் பக்கத்தில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், அதனால் அங்கே போனால் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வருவதுதான் வழக்கம், ஓட்டல் என்று யாரும் யோசிப்பதே இல்லை. எங்கள் ஆச்சி, அதாவது அக்கா, இருப்பது கோலாலம்பூரில். அங்கே சில நாள் இருந்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் சிங்கப்பூர் போய் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் திருச்சிக்கு விமானம் ஏறலாம் என்று திட்டம். காரணம் ஒன்றுதான், டேங்க் ரோடு முருகனைப் பார்க்க வேண்டும் என்று அப்பச்சி, அதாவது என் அப்பா, ரொம்ப வருசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிங்கப்பூரிலும் ஒரு சொந்தம் உண்டு, ஆனால் சின்ன வீடு, பிள்ளைக்குப் பரீட்சை நேரம் வேறு. ஒரு ராத்திரிக்குப் போய் அவர்களைச் சிரமப்படுத்துவானேன் என்று மலிவான ஓட்டல் தேட ஆரம்பித்தேன். இதே மாதிரி போக நினைக்கிற இரண்டு மூன்று பேர் விவரம் கேட்டார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. அங்கே மலிவு என்று போட்டிருக்கும் அறையே நூறு வெள்ளியை, அதாவது நூறு சிங்கப்பூர் டாலரை, ஒட்டித்தான் நிற்கிறது, ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் நம் ஊர் ஆளுக்குக் கொஞ்சம் தலை சுற்றும். அதுவும் கடைசி விலை இல்லை. முதலில் காட்டுகிற தொகைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அது சேர்ந்த தொகைக்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 100 வெள்ளி அறை 119.90 ஆகிவிடும். எல்லா ஓட்டலிலும் சேவைக் கட்டணம் போடுவதில்லை, சில தளங்கள் வரியெல்லாம் சேர்த்தே காட்டும், அதனால் பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டும். எங்களுக்கு 105 என்று காட்டிய அறை 126 வெள்ளிக்குப் பத்துக் காசு குறைவாக முடிந்தது. சீனப் புத்தாண்டு, கார் பந்தயம் நடக்கிற வாரம், இதெல்லாம் வந்தால் இந்த விலையை மறந்துவிட வேண்டியதுதான்.

இதைவிடக் குறைவாக வேண்டுமென்றால் கேப்ஸ்யூல் இருக்கிறது, ரயில் பெர்த் மாதிரி அடுக்கடுக்காகப் படுக்கை, ஒரு திரை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். தனியாகப் போயிருந்தால் யோசிக்காமல் அதைத்தான் எடுத்திருப்பேன், கிட்டத்தட்டப் பாதி விலை. அப்பச்சியின் முழங்காலுக்கு ஏணி ஒத்துவராது, ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பார்கள். கேலாங் பக்கமும் விலை குறையும், ஆனால் அது சிவப்பு விளக்குப் பகுதியும்கூட, அப்பாவைக் கூட்டிக்கொண்டு ராத்திரி அந்தத் தெருவில் நடக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஜாலான் புசாரில் ஒன்றைப் பிடித்தேன். லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம், எம்ஆர்டி ரயில் பக்கத்தில், அங்கிருந்து டேங்க் ரோடு கோயிலுக்குக் கிட்டே இருக்கிற ஃபோர்ட் கேனிங் ஸ்டேஷன் இரண்டாவது நிறுத்தம். இந்த மாதிரி ஓட்டலில் அறையை விட இடத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம், அதனால் வரைபடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அறை விவரத்தில் ஸ்டாண்டர்ட், சுப்பீரியர் என்றெல்லாம் பெரிய பெயராக இருக்கும், அதன் கீழே சின்ன எழுத்தில் ஜன்னல் இல்லை என்று ஒரு வரி இருக்கும். ஜன்னல் வேண்டுமென்றால் இருபது முப்பது வெள்ளி கூட. ராத்திரி தூங்குவதற்கு ஜன்னல் எதற்கு என்று நான் இல்லாததையே எடுத்தேன்.

விசாவை எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் மூலம் முன்னாலேயே வாங்கியாகிவிட்டது. அது போக, சிங்கப்பூருக்குள் நுழைகிற நம் மாதிரி வெளியூர்ப் பயணிகள் எல்லாருமே எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கிற தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், அவற்றைத் தொடாதீர்கள், குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். அதில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள், ஓட்டல் பதிவு கையில் இருந்தால் அப்படியே பார்த்துப் போட்டுவிடலாம். பஸ்ஸில் போனால் மலேசியப் பக்கம் ஒரு தடவை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு தடவை இறங்க வேண்டும், சிங்கப்பூரில் பெட்டி படுக்கை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மெல்லுகிற புகையிலைக்கு அங்கே தடை, அப்பச்சி தன் டப்பாவை ஆச்சி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள், வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஓட்டலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று தாண்டியிருந்தது. அறை மூன்று மணிக்குத்தான். வரவேற்பில் ஒரே ஒரு பெண், பெட்டி தூக்க ஆள் கிடையாது, உட்கார இரண்டு நாற்காலி, பக்கத்தில் தானாகப் பதிவு செய்துகொள்ளும் ஒரு மெஷின். முன்னாலேயே அறை வேண்டுமென்றால் மணிக்கு இவ்வளவு என்று தனிக் காசு. பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன், இலவசமாகவே வைத்துக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தார். இது எல்லா இடத்திலும் இலவசம் இல்லையாம், பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியில் சிராங்கூன் ரோட்டில் சாப்பாடு. 1947லிருந்து இருக்கிற கோமள விலாஸில் போய் உட்கார்ந்தோம். வழியில் ஒரு கடையில் செட்டிநாடு என்று கொட்டை எழுத்தில் பலகை. அப்பச்சி நின்று வெளியே ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழ் வரைக்கும் படித்துவிட்டு, "செட்டிநாடு கோபி மஞ்சூரியனா?" என்று என்னைக் கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்ல.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்துகொண்டு, முன்பணம் 50 வெள்ளிக்குக் கார்டு கேட்டார்கள். இங்கேதான் நம் ஊர் ஆட்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும், வங்கியின் செயலிக்குள் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், அங்கே போய் நின்றுகொண்டு செய்யலாம் என்றால் ஓடிபி வர சிம் வேலை செய்ய வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு மதுரைக்காரர் மூன்று கார்டை மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு, கடைசியில் முஸ்தபா பக்கம் போய்ப் பணம் மாற்றிக்கொண்டு வந்தார்.

இனி அறை. கதவைத் திறந்ததும் இருட்டு. சாவிக் கார்டைச் சுவரில் இருக்கிற பொந்தில் செருகினால்தான் விளக்கு எரியும், உருவினால் எல்லாம் அணைந்துவிடும். கட்டில் மூன்று பக்கமும் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது, மிச்சம் இருந்த இடம் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவு. பெட்டியைத் தரையில் விரிக்க முடியாது, கட்டிலின் மேல் வைத்துத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மூடி நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் விரிப்பு வெள்ளை வெளேர் என்று சலவை வாசனையோடு இருந்தது, ஏசி நன்றாக ஓடியது, ஒரு கரப்பான்கூட இல்லை. எதிர்ச் சுவரில் நீளமாக ஒரு திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. அப்பச்சி காற்று வரட்டும் என்று போய் அதை விலக்கினார்கள். பின்னால் சுவர். வெறும் சுண்ணாம்புச் சுவர், அதற்கு எதற்குத் திரை என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

வளவில், அதாவது எங்கள் ஊர் வீட்டு முற்றத்தில், நாலு பக்கமும் வானம் தெரிய வளர்ந்த ஆள், இப்போது சத்தம் போடுவார்கள் என்று நினைத்தேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, "தம்பி, ஐயா படுத்திருந்த இடத்துக்கு இது பெருசுதான்" என்றார்கள்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, சின்ன வயதில் பெட்டியடிப் பையனாக, வட்டிக்கடையில் வேலை பழகும் பையனாக, சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியவர்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி. நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகப் பல கடைக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும் கணக்கு எழுதச் சாய்வு மேசையும் உட்காரப் பாயும். பகலில் அதுதான் கடை. ராத்திரி அதே இடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்தால் அதுதான் படுக்கை. சாப்பாட்டுக்குப் பொதுவாகச் சமையல் ஆள், குளிக்கப் பொதுவாகக் குழாயடி. மூன்று வருசம் இப்படி இருந்து கணக்கு முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வருவார்கள், வந்து இங்கே ஆயிரம் சன்னலோடு வீடு கட்டுவார்கள். "இங்கெ படுக்க மட்டும் வந்தாக, இருக்கிறதுக்கு ஊருல கட்டுனாக" என்றார்கள் அப்பச்சி. மறுநாள் மார்க்கெட் ஸ்ட்ரீட் போய்ப் பார்த்தோம், கிட்டங்கி ஒன்றும் இப்போது இல்லை, எல்லாம் வானத்தைத் தொடுகிற ஆபீஸ் கட்டடங்கள். ஐயாவின் கூடம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது?

சரி, அறைக்கு வருவோம். தண்ணீர் பாட்டில் வைத்திருக்கவில்லை, சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், தளத்துக்கு ஒரு வடிகட்டிய தண்ணீர் மெஷினும் இருந்தது. வெந்நீருக்கு சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, அதைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் பச்சைத் தண்ணீர்தான். கழிவறையில் வாளியும் கிடையாது, மக்கும் கிடையாது, பக்கத்தில் பீச்சுகிற குழாயும் கிடையாது, காகிதம் மட்டும். அப்பச்சி எங்கே போனாலும் ஒரு எவர்சில்வர் சொம்பு கொண்டுபோவார்கள், ஆச்சி அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அந்தச் சொம்புதான் எங்களைக் காப்பாற்றியது. நீங்கள் ஒரு பிளாஸ்டிக் மக்காவது பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்ட் சதுரக் கால் மூன்று உள்ளது, மலேசியாவிலும் அதேதான், அங்கேயே வாங்கிய மாற்றுப் பிளக் இங்கேயும் உதவியது. துண்டு ஆளுக்கு ஒன்று. சீப்பு, எண்ணெய், சவரக் கத்தி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்கு டேங்க் ரோடு. எம்ஆர்டியில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, தட்டினால் வேலை செய்கிற கார்டு இருந்தால் போதும், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. தெண்டாயுதபாணி கோயிலை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 1859ல் கட்டினார்கள், பழைய கட்டடத்தை எடுத்துவிட்டு 1983ல் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் வந்து சேர்கிற இடம் இதுதான். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற ஆள் அப்பச்சி, அங்கே நின்றுகொண்டு இந்த ஊர்க் காவடி எவ்வளவு தூரம் நடக்கும் என்று ஒருவரிடம் விசாரித்தார்கள். நாலு கிலோமீட்டருக்குள் என்றதும், "அட, இவ்வளவுதானா" என்ற ஒரு முகம்! அலகு குத்திக்கொண்டு நடக்கிறார்கள் அப்பச்சி என்று நான் சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

ராத்திரிதான் குறை சொல்ல வேண்டிய பகுதி. அறைகளுக்கு நடுவில் இருந்தது சுவரா அட்டையா தெரியவில்லை, பக்கத்து அறையில் ஆள் இருமினால் நமக்குக் கேட்கிறது, நடுராத்திரிக்கு மேல் ஒரு கூட்டம் வந்து தாழ்வாரம் முழுக்கக் கதவைப் படார் படார் என்று சாத்தியது. கீழே போய்ச் சொன்னேன், இருந்த பையன் தலையை ஆட்டினான், மேலே வந்து பார்க்கவில்லை. அவனும் பாவம், முழு ஓட்டலுக்கும் ஒற்றை ஆள். அப்பச்சி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்கள், நான்தான் முழித்துக்கொண்டு கிடந்தேன். ஜன்னல் இல்லாததன் தொல்லையும் அப்போதுதான் தெரிந்தது, விடிந்ததா இல்லையா என்று ஒரு அடையாளமும் இல்லை, போனை எடுத்துப் பார்த்தால்தான் மணி. நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர் வேறு.

காலையில் சாப்பாடு ஓட்டலில் கிடையாது, அதுவும் நல்லதுக்குத்தான், ஓட்டல் ரொட்டிக்குக் கொடுக்கிற காசில் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் இரண்டு பேர் வயிறார இட்லி, தோசை, காப்பி முடித்துக்கொள்ளலாம். அறையை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். சாவிக் கார்டை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் பையை மறுபடி அங்கேயே விட்டோம், மார்க்கெட் ஸ்ட்ரீட் எல்லாம் பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டோம். விமான நிலையத்துக்கு டாக்சி வேண்டாம், ஜாலான் புசாரிலிருந்து டவுன்டவுன் லைனில் எக்ஸ்போ வரைக்கும் உட்கார்ந்தே போய், அங்கே மாறினால் அடுத்த நிறுத்தம் சாங்கி. எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது, பெட்டியோடு படி ஏற வேண்டியதில்லை.

மலிவுக்கு இது போதும் என்றுதான் சொல்வேன், ஒரு ராத்திரி என்றால். இரண்டாவது ராத்திரியும் அதே அறையில் என்றால் அப்பச்சி மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலேயே பாயை விரித்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், மூச்சு முட்டுகிற பிரச்சினை உள்ளவர்கள் இருபது வெள்ளி கூடக் கொடுத்து ஜன்னல் உள்ளதாகவே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 50 வெள்ளி முன்பணம். கிரெடிட் கார்டு என்றால் அந்தத் தொகையைத் தடுத்து மட்டும் வைப்பார்கள், காலி செய்தபின் தானாக விடுபட்டுவிடும். டெபிட் கார்டு என்றால் கணக்கிலிருந்தே பணம் போய்விட்டுத் திரும்பி வரும், வருவதற்கு நாளாகும், மாற்று விகிதத்தில் கொஞ்சம் குறையவும் கூடும். எனக்கு ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் போல ஆனது. காலி செய்யும்போது முன்பணத்தை விடுவித்துவிட்டோம் என்று ஒரு துண்டுச் சீட்டுக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.