முதலில் ரேடியோ, பிறகுதான் வண்டி

வேலூர் மாவட்டக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். அங்கே ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர்களைக் கேளுங்கள்: ரேடியோ செட் பேசாவிட்டால் படை நகராது. படையை நெட்வொர்க்கில் இணைக்கும் திட்டங்கள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

போர் வண்டிகளையும் வீரர்களையும் ஒரே நெட்வொர்க்கில் இணைக்க அமெரிக்க ராணுவம் போட்ட 'ஃபியூச்சர் காம்பாட் சிஸ்டம்ஸ்' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1999-ல் பேச்சு எழுந்தது, 2003-ல் உருவாக்கப் பணி தொடங்கியது, 2009-ல் கைவிட்டார்கள். எதிரி இருக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கனத்த கவசம் வேண்டாம், வண்டியை 20 டன்னுக்குள் அடக்கி சி-130 சரக்கு விமானத்தில் ஏற்றிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கவசத்தின் வேலையை ரேடியோ செய்ய வேண்டும். அந்த ரேடியோவோ வேறொரு திட்டத்தில், இன்னும் சோதனை மேசையில் கிடந்தது. இராக்கில் கண்ணிவெடிகளைப் பார்த்த பிறகு கவசம் ஏறியது, எடை ஏறியது, விமானக் கணக்கு கலைந்தது. 3.4 கோடி வரி நிரல் (கோட்) என்று மதிப்பிட்ட மென்பொருள் 9.5 கோடி வரியைத் தொட்டது. சுமார் 9,200 கோடி டாலர் என்ற திட்டச் செலவு மதிப்பீடு மூன்றே ஆண்டில் 16,000 கோடியானது.

நம் ஊர் நிலத்தையே பாருங்கள். வேலூருக்குக் கிழக்கே உள்ள மலைகளுக்கு இந்தப் பக்கம் ஒரு செட், அந்தப் பக்கம் ஒரு செட் வைத்தால் செட்டின் வி.எச்.எஃப். ரேடியோ அலை பாறையில் முட்டி நின்றுவிடும். உச்சியில் ஒரு ரிலே, அதாவது வாங்கி மறுபக்கம் அனுப்பும் செட், வேண்டும். அதே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிலே என்றால் வேகம் பாதியாகும். இரண்டு ரிலே என்றால் மூன்றில் ஒரு பங்கு. வீடியோ நின்றுவிடும், குறுஞ்செய்தி மட்டும் போகும். நான்கு செட்டை வைத்துச் செய்துகாட்டும் டெமோவில் இது தெரியவே தெரியாது. 40 செட்டைப் போடுங்கள். யார் எங்கே இருக்கிறார் என்று செட்டுகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதற்கே அலைவரிசை கரைவது அப்போதுதான் தெரியும். அதையும் கத்திரி வெயிலில் செய்யுங்கள். மூடிய பெட்டிக்குள் அலையைப் பெருக்கும் ஆம்பிளிஃபயர் சூடேறித் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

பேட்டரிக் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. செட், திரை, ஜி.பி.எஸ். சேர்த்து சராசரி 10 வாட் என்றால் 72 மணி நேரத்துக்கு 720 வாட்-அவர். 100 வாட்-அவர் பேட்டரியில் 80 சதவீதம்தான் கைக்கு வரும் என்றால் ஒரு ஆளுக்கு 9 பேட்டரி. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனுக்கு 90.

இனி பணம். ராணுவத் தளவாடங்களை உள்நாட்டிலேயே உருவாக்குவதற்கான 'மேக்-1' பிரிவில் மாதிரி உருவாக்கச் செலவில் 70 சதவீதம் வரை அரசு தரும். வடிவமைப்பு அறிக்கை வந்துவிட்டது என்பதற்காக ஒரு தவணையையும் விடக் கூடாது. மலைக்கு இரு புறமும் 40 செட் பேசிய பிறகே பெரிய தவணையை விட வேண்டும். வண்டிக்கான ஆர்டர் அதற்கும் பிறகு. இன்னொன்று: செட் வாங்குவது மூலதனச் செலவு, தேய்ந்த பேட்டரியை மாற்றுவது வருவாய்ச் செலவு. இரண்டாவதற்கு முதல் ஆண்டிலேயே ஒதுக்காவிட்டால் புது செட் ஸ்டோரில்தான் தூங்கும்.

ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் சிறு தொழில் நடத்துபவர்கள் அதே கொள்முதல் முறையின் இன்னொரு பிரிவான 'மேக்-2' பக்கம் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாதிரிக்கு அரசுப் பணம் கிடையாது, கைக்காசுதான். முழு செட்டில் இறங்க வேண்டாம். கேபிள், கனெக்டர், பேட்டரிப் பெட்டி போதும். வெப்பம், அதிர்வு, ஈரம் தாங்குமா என்று பார்க்கும் ராணுவத் தரமான ஜே.எஸ்.எஸ். 55555 சோதனைக்கான செலவை விலை சொல்லும் முன்பே சேர்த்துவிடுங்கள்.