ஐஸ் பெட்டி திரும்பி வந்ததும்

2025 மார்ச் 3, திங்கள்

துக்க வீட்டிலிருந்து, இறந்தவர் உடலை வைத்திருந்த ஐஸ் பெட்டி வந்து இறங்கியதும் வாடகைக் கடைகளில் அப்படியே பிளீச்சிங் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதில் பெரும்பகுதி வீண். ரத்தமோ கசிந்த நீரோ இருந்தால் குளோரின் அந்த அழுக்கிலேயே தீர்ந்துபோகும், அடியில் உள்ள கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது.

ரப்பர் கையுறை, ஏப்ரன், முகக்கவசம் போட்டுக்கொண்டு மாலை, உதிரிப்பூ, பஞ்சு எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். கசிவைப் பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் 1 சதவீத பிளீச்சிங் கரைசல். துணியில் நனைத்துத் துடையுங்கள். ஸ்ப்ரே அடித்தால் சாரல் மூச்சில் ஏறும், மூலைமுடுக்கும் சரியாக நனையாது. 10 நிமிடம் ஈரம் காயாமல் இருக்கட்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் பெட்டிக்குள் உள்ள எவர்சில்வர் தட்டு புள்ளி புள்ளியாக அரித்து, அந்தக் குழிகளில் அடுத்த அழுக்கு தங்கும்.

மார்ச் 4, செவ்வாய்

1 சதவீதக் கரைசலுக்கு அளவு: 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 33 கிராம். பவுடரிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். 5 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்குவதே சரி. வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் ஈரம் ஏறி வீரியம் போய்விடும், வாடை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். கழிவறை ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மார்ச் 6, வியாழன்

எல்லோரும் விழுந்து அழுது, கை வைப்பது மேல்மூடியில்தான். அதைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே பெருமளவு போய்விடும். அது அக்ரிலிக் என்றால் ஸ்பிரிட், சானிடைசர் வேண்டாம், நுண்கீறல் விழும். ரப்பர் ஓர மடிப்புக்கும் வடிகால் துளைக்கும் பழைய டூத்பிரஷ் போதும். மூடி திறந்தே காயட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

உடலைப் புரட்டும்போது நுரையீரலில் தங்கிய காற்று வாய்வழி வெளியேறும். காசநோயாளி என்றால் அது ஆபத்து. முகத்தின் மேல் ஒரு துணி போட்டுவிட்டுத் தூக்குங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் உடலில் சில நேரம் ஊசி, குழாய் அப்படியே இருக்கும். கையில் குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியோ காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள்வரை உயிரோடிருக்கும். அதற்கான தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. தூக்குகிற, கழுவுகிற ஒவ்வொருவருக்கும் அதைப் போட வைப்பது கடை முதலாளியின் கடமை.

மார்ச் 11, செவ்வாய்

குளிப்பாட்டக் கேட்கும் குடும்பத்தை விரட்டாதீர்கள். பெரும்பாலான மரணங்களில் கையுறையும், கைக்காயத்துக்கு ஒரு கட்டும், முடித்ததும் சோப்பும் போதும். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் கொரோனா வழிகாட்டுதல்கூடக் குளிப்பாட்டுவதையும் கட்டிப்பிடிப்பதையும்தான் தடுத்தது. பையின் தலைப்பகுதியைத் திறந்து முகம் பார்க்கவும், தொடாமல் செய்யும் சடங்குகளுக்கும் இடம் கொடுத்தது. அதைக்கூட மறுத்த இடங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மார்ச் 12, புதன்

கழற்றும் வரிசை: கையுறை, ஏப்ரன், கடைசியில் முகக்கவசம். முகக்கவசத்தின் நாடாவை மட்டும் தொடவும். பிறகு கையை முழு 40 நொடி கழுவவும்.