வீட்டிலேயே ரிலாக்ஸர்: நான்காவது முறை கைகூடிய வழவழப்பு

நேற்றோடு நான்காவது முறையாக என் தலைமுடிக்கு நானே ரிலாக்ஸர், அதாவது சுருள் முடியை நேராக்கும் ரசாயனக் க்ரீம், போட்டிருக்கிறேன். முந்தைய மூன்று முறையும், பிடரிக்குச் சற்று மேலே, இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள பகுதியில் சீப்பு ஓரிடத்தில் நின்று தயங்கித்தான் இறங்கும். இந்த முறை வேரிலிருந்து நுனிவரை ஒரே ஓட்டமாக இறங்கியது. ஏறக்குறைய எட்டு மாதமாக ஒரு குறிப்பேட்டில் போட்ட வரிசை, ஆன நிமிடம், கழுவிய நேரம் என்று எழுதிவந்தேன். அதைப் புரட்டிப் பார்த்து, எங்கே தவறினேன், எதை மாற்றியதால் சரியாயிற்று என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

என் முடி தடித்தது, இறுக்கமாகச் சுருண்டது. காய்ந்திருக்கும்போது தோளைத் தொடாது. நனைத்து இழுத்தால் தோளுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கும். இதற்கு நான் தேர்ந்தெடுத்தது 'நோ-லை' எனப்படும் வகை: கால்சியம் ஹைட்ராக்ஸைடு உள்ள க்ரீமோடு குவானிடின் கார்பனேட் உள்ள திரவத்தைச் சேர்த்துக் கலக்கியதும் குவானிடின் ஹைட்ராக்ஸைடு உருவாகி வேலையைத் தொடங்குகிறது. சோடியம் ஹைட்ராக்ஸைடு உள்ள 'லை' வகையைவிட இது தலைத்தோலைக் குறைவாக உறுத்தும் என்பதால் எடுத்தேனே தவிர, மென்மையான பொருள் என்று எண்ணி எடுக்கவில்லை. இரண்டுமே கடுமையான காரங்கள்தாம்; 4.5 முதல் 5.5 வரை பிஎச் (அமில, கார அளவு) உள்ள முடியை 12-க்கு மேல் கொண்டுபோகிறவை. முடியின் புரதமான கெரட்டினின் இழைகளைக் கோத்துப் பிடித்திருக்கும் இரட்டைக் கந்தகப் பிணைப்பிலிருந்து ஒரு கந்தகத்தைப் பிரித்தெடுத்து, லாந்தியோனின் என்னும் ஒற்றைக் கந்தகப் பிணைப்பாக மாற்றிவிடுகின்றன. அப்படி மாறிய முடியை மறுபடி நிரந்தரமாகச் சுருட்டவும் முடியாது, பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. தவறாகப் போட்டுவிட்டால் வெட்டுவதுதான் வழி. இதை நான் புத்தக அறிவாக வைத்திருந்தேன்; இரண்டாவது முறைக்குப் பிறகு கத்தரிக்கோலோடு அறிந்துகொண்டேன்.

முடியை நேராக்கவும் சுருட்டவும் பயன்படும் இன்னொரு ரசாயனமான தயோகிளைகோலேட் வகை வேறு குடும்பம். ஒருமுறை அது பட்ட முடியில் ஹைட்ராக்ஸைடு படவே கூடாது, மாற்றியும் செய்யக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் முடி அறுந்துவிடும். உலோக உப்புகள் கலந்த மருதாணிப் பொடியைப் பூசிய முடிக்கும், நிறம் வெளுக்கச் செய்த முடிக்கும் வீட்டில் கைவைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் முறையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாமே தவறு. சுத்தமான தலையில் நன்றாகப் பிடிக்கும் என்று முந்தைய நாள் இரவு நகத்தால் தேய்த்துக் குளித்தேன். தலைத்தோலின் எண்ணெய்ப் பசைதான் காரத்துக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும் காவல் என்பதையும், கண்ணுக்குத் தெரியாத நகக்கீறலில்கூடக் காரம் இறங்கும் என்பதையும் எரிச்சல் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். கண்ணாடியில் தெரிகிறதே என்று முன்நெற்றியிலிருந்து தொடங்கினேன். பின்தலையின் கடைசிப் பாகத்தைப் பூசி முடிக்கும்போது கடிகாரத்தில் 14 நிமிடம் ஓடியிருந்தது. என் வகை முடிக்குப் பெட்டியில் குறித்திருந்த உச்ச அளவோ 18 நிமிடம். ஆக, மெல்லிய முடி உள்ள நெற்றி ஓரத்துக்கு முழு நேரமும், தடித்த முடி உள்ள பிடரிக்கு நான்கே நிமிடமும் கிடைத்தன. முன்னால் உயிரில்லாமல் படிந்த முடி, பின்னால் பாதிச் சுருள், உச்சியில் ஒரு வாரம் ஆறாத இரண்டு சிறு புண்கள்: அந்த முறையின் பலன் இவ்வளவுதான்.

இரண்டாவது முறை அவசரத்தின் விளைவு. ஏழே வாரத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மாதத்துக்கு ஏறக்குறைய 1.25 சென்டிமீட்டர் என்ற கணக்கில் வேரடியில் புதிய முடி 2 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அந்தக் குறுகிய பட்டையில் மட்டும் க்ரீமை நிறுத்துவது தன் தலைக்குத் தானே போடுகிறவருக்கு இயலாத காரியம். போதாததற்கு, பின்தலையின் பாதிச் சுருளைத் திருத்திவிடலாம் என்று பழைய முடியின் மீதும் இழுத்துப் பூசி, நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் வாரவும் செய்தேன். காரத்தில் ஊறிய முடி ஈர நூலைப் போல நீளும், பிறகு திரும்பாது. மறுநாளிலிருந்து கழுவுதொட்டியில் அரை விரல் நீளத் துணுக்குகள் விழத் தொடங்கின. வேரோடு உதிரும் முடியின் வேர்முனையில் வெள்ளைக் குமிழ் இருக்கும். இவற்றில் அது இல்லை, நடுவிலே ஒடிந்தவை. இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, 13 வாரம் காத்திருந்தேன்.

அந்தக் காத்திருப்பில் குறிப்பேட்டைப் படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. என் குறை க்ரீமிலோ முடியிலோ இல்லை, கடிகாரத்தில் இருந்தது. இன்னொருவர் தலைக்குப் போடுகிறவர் எட்டு நிமிடத்தில் பூசி, மீதி நேரத்தை நீவிவிடுவதற்குச் செலவிடுகிறார். வழவழப்பு அந்த நீவலில்தான் வருகிறது. நானோ பின்தலையைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவிப் பூசுவதிலேயே முழு நேரத்தையும் தீர்த்துவிட்டு, நீவாமலே கழுவிக்கொண்டிருந்தேன். நேரத்தை நீட்ட வழியில்லை. தலையைத்தான் குறைக்க வேண்டும். எனவே மூன்றாவது முறை தலையை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைப் பூசி, நீவி, கழுவி, காரத்தை முறித்து முடித்த பிறகே அடுத்த பாதியைத் தொட்டேன். ஒரு தடவை கலந்த க்ரீம் இரண்டு பாதிக்கும் போதும். மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று எடுத்துவைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

அந்த முறை இடம், வலம் என்று நடுவகிட்டோடு பிரித்தேன். முடி இரண்டு பக்கமும் நன்றாக வந்தது. ஆனால் இரண்டு பாதியும் சந்திக்கும் கோடு சரியாக என் வகிட்டிலேயே விழுந்து, அங்கே ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சு விட்டுப்போய், ஒரு சுருள் வரப்பு போல எழுந்து நின்றது. பின்தலையும் இரண்டாகப் பிளந்ததால், அதன் நடுப்பகுதி வழக்கம்போலச் சீப்பைத் தடுத்தது. அதனால் நேற்று ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை கோடு கிழித்து, முன், பின் என்று பிரித்தேன். கை ஓயாமல் இருக்கும்போதே கடினமான பின்பாதி முடிந்துவிடுகிறது, சீக்கிரம் இளகும் நெற்றி ஓரம் தானாகவே கடைசிக்குப் போகிறது, சந்திக்கும் கோடும் மேல்முடியின் அடியில் மறைந்துவிடுகிறது.

நேற்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான்கு நாளாகத் தலைக்குத் தண்ணீர் விடவில்லை, சொறியவில்லை. நெற்றி ஓரம், காது மடல், கழுத்து ஆகிய இடங்களில் வாசலினைத் தடித்துப் பூசினேன். வகிடு வகிடாகப் பிரித்துத் தலைத்தோலிலும் விரல் நுனியால் ஒற்றினேன். ஏற்கெனவே நேராக்கிய பகுதி முழுவதும் கெட்டியான கண்டிஷனரைத் தடவினேன். கைதவறி க்ரீம் வழிந்தாலும் பழைய முடியில் நேரடியாகப் படாது. முன்பாதியை மேலே சுருட்டிக் கிளிப் போட்டு, நீர்புகாத தொப்பியால் இறுகக் கட்டினேன், ஏனென்றால் அதன் முறை வரும்வரை அது உலர்ந்தே இருக்க வேண்டும்.

பின்பாதியை நான்கு பாகமாக்கி, பிடரிக்கு மேலுள்ள நடுப்பகுதியிலிருந்து தொடங்கினேன். வால் சீப்பின் முனையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்கைப் பிரித்து, தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி, புதிய முடியின் மீது மட்டும் தூரிகையால் வைத்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போனேன். உடல் சூட்டில் வேரடி விரைவாக இளகும் என்பதால் அந்த இடைவெளி தேவை. நீவும்போது க்ரீம் தானே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இந்தச் சுற்றில் அழகு பார்க்கவில்லை, வைப்பது மட்டுமே வேலை. ஆறரை நிமிடத்தில் முடிந்தது.

பிறகு முதலில் வைத்த அடுக்குக்கே திரும்பினேன். கையுறை போட்ட ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அடுக்கைத் தட்டையாகப் பிடித்து, புதிய முடி முடியும் இடம்வரை, மேசை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவுவதுபோல, அழுத்தாமல், இழுக்காமல் இறக்கினேன். முதல் நீவலில் விரல்களுக்கு நடுவே சுருளின் மேடு பள்ளம் மணிமணியாகத் தட்டுப்பட்டது. மூன்றாவது நீவலில் அது சொரசொரப்பாகக் குறைந்து, ஐந்தாவதில் ஒரு நாடாவைப் போல வழுக்கியது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலே அளவுகோல். சீப்பின் பற்களை இந்த வேலையில் நான் சேர்ப்பதே இல்லை. அதன் முதுகுப்பக்கம் மட்டும் சில அடுக்குகளுக்கு உதவியது. 13-ஆவது நிமிடத்தில் ஓர் அடுக்கிலிருந்து க்ரீமைத் துடைத்து வேர்ப்பக்கமாக நெட்டிப் பார்த்தேன். சுருள் திரும்பாமல் மெல்லிய அலை மட்டும் எழுந்தது. அதுவே போதுமென்று 15-ஆவது நிமிடத்தில் கழுவத் தொடங்கினேன். முற்றிலும் குச்சியாக்க நினைப்பவர்கள்தாம் முடியைப் பாழாக்குகிறார்கள் என்பது, என்னையும் சேர்த்துத்தான், என் எண்ணம்.

தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஆறு நிமிடம் கழுவினேன். காரத்தை முறிக்கும் நியூட்ரலைசிங் ஷாம்பூவில் நிறம் காட்டும் பொருள் சேர்த்திருப்பார்கள். காரம் மிச்சமிருந்தால் நுரை இளஞ்சிவப்பாகும், தீர்ந்தால் வெண்மையாகும். இரண்டாவது நுரையிலேயே பின்பாதி முழுதும் வெள்ளை தெரிந்தது. காது மடலைத் தூக்கிப் பார்த்தால் அதன் பின்னே மட்டும் நுரை ஒரு கோடாகச் சிவந்திருந்தது. முதல் முறை அங்கேதான் மூன்று நாள் எரிந்தது, காரணம் இப்போது விளங்குகிறது. நான்காவது நுரை வரை போனேன். பின்பாதிக்கு மறுபடி கண்டிஷனர் பூசித் துண்டால் சுற்றிவிட்டு முன்பாதியைத் தொட்டேன். கண்ணாடியில் தெரிந்ததாலும் முடி மெல்லியதாக இருந்ததாலும் அது 11 நிமிடத்தில் முடிந்தது. சொல்ல வேறொன்றும் இல்லை.

ஒரு குறை இந்த வகைக்கே உரியது. க்ரீமும் திரவமும் வினைபுரியும்போது கால்சியம் கார்பனேட் உண்டாகி முடியில் படிகிறது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் வெள்ளை உப்பும் பெரும்பாலும் அதே பொருள்தான். மூன்றாவது முறைக்குப் பின் இரண்டு வாரத்தில் முடி மங்கி வறண்டபோது, எண்ணெய் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் எண்ணெய் தடவி வீணாக்கினேன். ஈடிடிஏ சேர்ந்த, உப்புப் படிவை நீக்கும் ஷாம்பூவால் ஒரே ஒருமுறை அலசியதும் பளபளப்பு திரும்பியது. இந்த முறை அதை முதல் வாரத்திலேயே செய்யப்போகிறேன்.

இடைவெளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2022-இல் வெளியானது. முடியை நேராக்கும் பொருட்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டதாக அது கூறியது. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, இதனால்தான் வந்தது என்று நிறுவவில்லை. ஆனாலும் 13 வாரம் என்பது ஆண்டுக்குச் சரியாக நான்கு முறை என்று கணக்குப் போட்டபோது அந்த எல்லைக்கோட்டில் நிற்க எனக்கு மனமில்லை. அடுத்த முறையை 16 வாரத்துக்குத் தள்ளி, குறிப்பேட்டில் தேதியைக் குறித்துவிட்டேன். புதிய முடி கூடுதலாக வளர்ந்திருக்கும். பழையதோடு அது சேரும் இடம் ஒடியாமல் அதுவரை காப்பது தனி வேலை.

இடது காதுக்குப் பின்னால், நாணய அளவுக்கு ஓரிடத்தில் இன்னும் லேசான அலை இருக்கிறது. கழுவும்போது சிவந்து தெரிந்த அதே இடம்தான். க்ரீம் போய்ச் சேர்ந்திருக்கிறது, விரல்தான் போகவில்லை. அடுத்த முறை முதல் அடுக்கு அங்கிருந்து.