கவண் கல்லும் குதிரையும்: குஸ்கோ முற்றுகைக் குறிப்புகள்

மே 6

1536-இல் இதே நாளில் இங்கா அரசன் மாங்கோ இங்காவின் படை, ஸ்பானியர் பிடித்துவைத்திருந்த குஸ்கோவுக்குள் இறங்கியது. இன்றைய பெருவில் உள்ள குஸ்கோதான் இங்காக்களின் தலைநகர். உள்ளே ஸ்பானியர்கள் ஏறத்தாழ 190 பேர். அவர்களில் 80 பேரிடம்தான் குதிரை. இங்காக்கள்மேல் பழைய பகை கொண்ட கன்யாரி இன வீரர்களும் ஸ்பானியர் பக்கம் நின்றார்கள். இவர்களை விட்டுவிட்டுச் சொல்லப்படும் கதை பாதிக்கதை.

இங்காக்கள் முதலில் கையில் எடுத்தது நெருப்பு. கவண் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, பஞ்சில் சுற்றி எறிந்தார்கள். புல்வேய்ந்த கூரைகள் பற்றிக்கொண்டன. கூரை எரிந்து விழுந்ததும் மொட்டைச் சுவர்களின் உச்சியிலேயே ஓடி ஓடிச் சண்டை போட்டார்கள். தெருவில் நிற்கும் குதிரைக்காரனால் அங்கே எதுவும் செய்ய முடியாது.

மே 9

குதிரைக்கு எதிராகக் கண்ட வழிகள்: வயலில் குழி, தெருவில் தடுப்பு, வாய்க்காலைத் திருப்பிச் சேறாக்குவது. இவற்றோடு போலா. லாமாவின் நரம்புக் கயிறுகளில் மூன்று கற்கள். கால்களில் சுற்றிக்கொண்டால் குதிரை அப்படியே சாயும். காலாள் ஓடிவந்து கயிற்றை அறுக்கவேண்டும். நரம்பு கெட்டி, சட்டென்று அறுபடாது.

மே 16

நகரத்துக்கு மேலே சக்சாய்வாமான் கோட்டை. வெளிப்பக்கம் மூன்றடுக்குச் சுவர், ரம்பப் பல்போல மடங்கி மடங்கிப் போகும். முட்டி மோதுபவனின் விலாப்புறம் எப்போதும் யாராவது ஒருவர் கைக்கு எட்டும். ஸ்பானியத் தளபதி ஹுவான் பிசாரோவின் படை, கடலோரத்தில் ஸ்பானியர் நிறுவிய லிமா நகருக்குத் தப்பிப்போவதுபோலப் பாய்ந்து வெளியேறி, மலையைச் சுற்றிக் கோட்டையின் பின்னால் வந்தது. தாடையில் ஏற்கெனவே காயம் என்பதால் அவன் தலைக்கவசம் போடவில்லை. மேலிருந்து வந்த கல் மண்டையில் விழுந்தது, சில நாளில் இறந்தான். கோட்டை விழுந்தது ஏணிகளால். உள்ளே இருந்தவர்களுக்குக் கல்லும் அம்பும் தீர்ந்துகொண்டிருந்தன.

மே 21

நிலம்தான் தீர்ப்புச் சொன்னது என்பதற்கு மாங்கோவின் தளபதி கீசோ யுபான்கியே சாட்சி. குஸ்கோவுக்கு உதவிக்கு வந்த ஸ்பானியக் குதிரைப்படைகளைக் குறுகிய மலைப்பள்ளத்தாக்கில் நுழையவிட்டு, மேலிருந்து பாறைகளை உருட்டி அடுத்தடுத்து அழித்தான். அதே தளபதி ஆகஸ்டில் லிமாவின் சமவெளிக்கு இறங்கினான். தலைவர்கள் முன்வரிசையில் வந்தார்கள்; குதிரைப்படையின் முதல் பாய்ச்சலிலேயே அவனும் பலரும் விழுந்தார்கள்.

1537 ஜனவரியை ஒட்டி, மாங்கோ தங்கியிருந்த ஒயாந்தாய்தாம்போ என்ற இடத்தில் காட்சி மாறியது. மாங்கோ ஆற்றைத் திருப்பிச் சமவெளியில் விட்டான். தண்ணீர் குதிரைகளின் வயிற்றுப்பட்டைவரை ஏற, அவனைத் தாக்க வந்த ஸ்பானியத் தளபதி ஹெர்னான்டோ பிசாரோ இரவோடிரவாகப் பின்வாங்கினான்.